கடைமடையும் நீல நூலும்

நான் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டிய பல்கலைக்கழகத்தைத் தொடங்கி வைத்தவர் ஒரு மந்திரி. அதற்குச் சட்டதிட்டம் எழுதியவர்கள் சென்னையிலிருந்து காரில் வந்த பெரிய மனிதர்கள். நடத்தியது கடைமடை. அங்கேயே பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், நம்புங்கள்.

கடைமடை என்பது கேன்டீனில் வைத்த பட்டப்பெயர். முத்துப்பேட்டைக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர்க்காரர். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாத காலம் அது. தஞ்சாவூருக்கு வெளியே மெயின் ரோட்டில், மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையை வாடகைக்குப் பிடித்திருந்தோம். துணைவேந்தர் தலையிலேயே உமி கொட்டும். ஆலையின் கோடியில் ரெக்கார்ட் ரூம். அதற்குக் கடைமடைதான் பொறுப்பு. எதுவும் அவருக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். புயலுக்காக விடுமுறை என்ற சுற்றறிக்கை, புயல் கரையைக் கடந்து, விழுந்த மரங்களை எல்லாம் வெட்டி எடுத்த பிறகுதான் அவர் கைக்குப் போனது.

“லீவுன்னு யாரும் சொல்லலியாங்க?” என்று கேட்டேன்.

“இல்ல சார். ரெண்டு நாளும் நான் ஒரு ஆளுதான். ஆபீஸ் ரொம்ப நல்லா நடந்துச்சு.”

மாணவர்களின் சான்றிதழ்க் கவர்களை உலகத்தில் எல்லோரும் எண் வரிசைப்படி அடுக்குவார்கள். கடைமடை பாசன வரிசைப்படி அடுக்கியிருந்தார். மாணவன் எந்த ஊர், அந்த ஊருக்கு எந்த ஆற்றுத் தண்ணீர் என்பதுதான் கணக்கு. கோரையாறு, பாமணியாறு பாயும் கடைக்கோடி ஊர்ப் பிள்ளைகள் வாசலை ஒட்டிய முதல் அலமாரியில், தனித்தனியே நீல நிற வலை நூலால் கட்டப்பட்டு இருப்பார்கள். நடுவில் மன்னார்குடி, சணல் கயிற்றில். திருவையாறு, பாபநாசம் பக்கத்துத் தலைமடைக்காரர்கள் வாழைநார்க் கட்டோடு, தேள் குடியிருக்கும் கடைசி அலமாரியில்.

திருவையாற்றுக்காரனான நான் அங்கேயே மாலை வகுப்பில் எம்.ஏ. முடித்தவன். பதவி உயர்வுக்காக என் கவரைக் கேட்டபோது எடுத்துத் தர இரண்டு நாள் ஆக்கினார். எனக்குச் சுருக்கென்றது.

புதிய துணைவேந்தர் சென்னைக்காரர். ஒருநாள் தன் மருமகனின் கவரைத் தேடி நேரில் வந்து நின்றார்.

“மாப்பிள்ளைக்கு எந்த ஊருங்க ஐயா?”

“மெட்ராஸ்.”

“தண்ணி எதுங்க?”

துணைவேந்தர் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். “லாரியில வரும்பா,” என்றார்.

“அப்ப மானாவாரிதான்,” என்று கடைமடை ஏணி போட்டு ஏறி, பரண் மேலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட கவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனாலும் தன் மாப்பிள்ளை மானாவாரியில் கிடந்ததைத் துணைவேந்தரால் ஜீரணிக்க முடியவில்லை. சரிசெய்யச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது.

நான் அப்போது துணைப் பதிவாளர். அலுவலக மேலாண்மை பற்றிப் பத்து நாள் பயிற்சி முடித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தவன். கடைமடை தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு லீவில் போன சமயம் பார்த்து, ஆறு பேரை இறக்கி, மூன்றே நாளில் எல்லாவற்றையும் எண் வரிசைக்கு மாற்றினேன். ஒரே ஒரு சிக்கல். பாதிக் கவர்களின் மேல் எண்ணே இல்லை, பெயரும் ஊரும்தான் இருந்தன. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மூலையில் கொட்டினோம். களத்து நெல் மாதிரி ஜன்னல் உயரத்துக்குக் குவிந்துவிட்டது.

நாலாம் நாள் காலை ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். முத்துப்பேட்டையைத் தாண்டிய மீனவ கிராமம். மறுநாள் காலை நாகப்பட்டினத்தில் ஆசிரியை வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. பட்டச் சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். மற்றவை எல்லாம் வீட்டில் இருந்தன. மாலை ஐந்து பத்துக்குப் போகும் முத்துப்பேட்டை பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் கிடையாது.

எண் வரிசையில் அவள் இல்லை. குவியலில் கை வைத்தேன். மதியம் ஒரு மணிக்கு நான் தேடி முடித்தது ஒரு மூலையின் மூலை. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் சாப்பிடக்கூடப் போகவில்லை.

மூன்று மணிக்குத் தாம்பூலப் பையோடு கடைமடை வந்தார். அறையைப் பார்த்தார். வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏங்க, கவர் மேல நம்பர் எழுதி வைக்கக் கூடாதா?” என்று நானே முந்திக்கொண்டு பாய்ந்தேன்.

“நாலு வருசத்துல மூணு தடவ நம்பர மாத்துனீங்க சார். ஊரு அப்புடியேதான சார் இருக்கு?”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, “எந்த ஊரும்மா?” என்றார். சொன்னாள். “சார், நீல நூலா மட்டும் பொறுக்குங்க. மத்தத தொடாதீங்க.”

குவியலில் நீல நூல் நன்றாகவே தெரிந்தது. நாலு ஐம்பதுக்கு அவள் கவர் கிடைத்தது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி நிமிர்ந்தால், பஸ் வரும் சத்தம். நான் ஓடினேன். வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. செருப்பு அறுந்தது. நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

“யோவ், சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?” என்று டிரைவர் கத்தினார்.

“நான் துணைப் பதிவாளர்!”

“அதுக்கு?”

நான் விரித்த கையை மடக்கவில்லை. அதற்குள் அப்பாவும் பெண்ணும் ஏறிவிட்டார்கள்.

திரும்பி வந்து, “எதுக்குங்க கடைக்கோடி ஊரை முதல் அலமாரியில வச்சீங்க?” என்று கேட்டேன்.

“தலைமடைக்காரன் இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வருவான் சார். அந்தப் புள்ளைங்களுக்கு ஒரே பஸ்ஸு.”

மறுநாளே பழையபடி அடுக்கச் சொன்னேன். துணைவேந்தருக்குப் பணி நடந்துகொண்டிருப்பதாகவே அவர் மாறிப் போகும்வரை எழுதினேன். ஒரு மாதம் கழித்து, வேலை கிடைத்த சேதியோடு என் பெயருக்கு ஒரு கட்டு கருவாடு வந்தது. நான் சுத்த சைவம். கடைமடை வீட்டில் அன்று விருந்து.

வருடங்கள் ஓடி, அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். நான் பதிவாளராகி ஓய்வு பெற்ற அன்று, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதால் பழைய கவர்களை உரியவர்களிடமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னுடையதையும் நீட்டினார்கள். வாழைநார் இல்லை. நீல நூல் கட்டியிருந்தது. முதல் அலமாரியில் இருந்ததாம்.

கடைமடைக்குப் போன் போட்டேன். “திருவையாத்துக்காரனுக்கு எப்படிங்க நீல நூலு?”

“அன்னிக்கி செருப்பில்லாம ஓடுனீங்கள்ல சார்? அன்னிக்கே மாத்திக் கட்டிட்டேன். இப்பதான் பாத்தீங்களா?”

இப்போதுதான் பார்த்தேன். அன்று மாலை விழாவில் ஏழு பொன்னாடை போர்த்தினார்கள். எது யார் போர்த்தியது என்று நினைவில்லை. அந்த நீல நூலை மட்டும் இன்றுவரை நான் அவிழ்க்கவில்லை.