பீரோவில் விழுந்த மூன்று தட்டு

பெண் பார்க்க வந்தவரின் கையை முறுக்கிய பெண்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கடலூர் செம்மண்டலத்தில் ஒருத்தி இருந்தாள். அது நான்தான். முறுக்கியதைக்கூட மன்னித்துவிடலாம். அவர் தோற்றுவிட்டேன் என்று சொன்ன பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், அதற்குத்தான் இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் கேபிள் வந்ததால் வந்த வினை. தொண்ணூற்றிரண்டில் நான் ஏழாம் வகுப்பு. அப்போதுதான் எங்கள் தெருவுக்குக் கேபிள் இழுத்தார்கள், அதில் மல்யுத்தம் வந்தது. மலை மலையான வெள்ளைக்காரர்கள் பளபளவென்று ஜட்டி போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் தூக்கிப் போட்டு மிதிப்பார்கள். அவர்கள் படம் போட்ட சீட்டுகள் கடையில் கிடைக்கும். உயரம், எடை, மார்பளவு எல்லாம் அதில் இருக்கும். பதினாறாம் வாய்ப்பாடு எனக்குப் பாதியில் நின்றுவிடும், ஆனால் எந்த முகமூடிக்காரனுக்கு மார்பு எத்தனை இஞ்ச் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவர்கள் பேசும் இங்கிலீஷில் ஒரு வார்த்தை புரியாது என்பதால் அத்தனையும் நிஜம் என்று நம்பினேன். (போன வாரம் இரும்பு நாற்காலியால் மண்டையில் அடித்தவன் இந்த வாரம் அடி வாங்கியவனைக் கட்டிப்பிடித்தான். அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பாவம், திருந்திவிட்டான் என்று அழுதேன்.)

பயிற்சிக்கு என் தம்பி செந்தில் இருந்தான். அவன் கையை முறுக்கி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மேலே தூக்குவது என் பிரதான பிடி. அந்தக் காலத்தில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ரெஃப்ரி குனிந்து, “விட்டுடறியா?” என்று கேட்பார். மாட்டிக்கொண்டவன் வாயைத் திறந்து ஒப்புக்கொண்டால்தான் ஆட்டம் முடியும். வாயைத் திறக்காமல் தரையைத் தட்டினான் என்றால், கூட்டத்தை உசுப்பேற்றித் தெம்பு சேர்க்கிறான் என்று அர்த்தம். அந்த நேரத்தில் பிடியை இன்னும் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் திமிறி எழுந்துவிடுவான். இது எனக்கு வேதம். பத்தாம் வகுப்பு வந்ததும் அப்பா கேபிளைப் பிடுங்கிப் போட்டார். திரும்பக் கேபிள் வந்தபோது ரிமோட் அம்மா கையில் இருந்தது, சீரியல் ஓடியது. மல்யுத்தம் என் மண்டைக்குள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது.

அப்புறம் 2007. எனக்கு இருபத்தேழு வயது, கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. என்னை வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் ஐந்து குடும்பம். ஐவரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, “ஊருக்குப் போய் போன் பண்றோம்” என்றார்கள். ஒருவரும் பண்ணவில்லை. ஆறாவதாகச் சிதம்பரத்திலிருந்து ஒருவர் வந்தார். மேலவீதிப் பக்கம் மருந்துக் கடை, பெயர் சரவணன். கூட அவருடைய அம்மா, கிள்ளையிலிருந்து தாய்மாமா, ஒரு வேன் நிறைய ஜனம்.

“இந்தத் தடவ வாயத் தொறந்தே, கொன்னு போட்டுடுவேன்” என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா சுட்ட பஜ்ஜியை, “பொண்ணு போட்டது” என்று எடுத்து வைத்தாள். நான் குனிந்த தலை நிமிராமல் காபி கொடுத்தேன். எனக்குப் பாட்டு வரும் என்று அப்பா கூசாமல் சொன்னார். கிள்ளை மாமா, “பாக்க லட்சணமா அடக்கமா இருக்குது” என்றார். யாருக்கு யார் சளைத்தவர்கள்.

“பொண்ணுகிட்ட ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும்” என்றார் சரவணன். பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். தனியாக என்றால், நடுவில் ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் பதினைந்து பேர் மூச்சுகூட விடாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“சமைக்கத் தெரியுமான்னுலாம் கேக்க மாட்டேன். உங்களுக்கு என்னா புடிக்கும், அத சொல்லுங்க” என்றார்.

ஐந்து பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தாங்கமாட்டேன் என்று தோன்றியது. கோயில், பூ, மழை என்று எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்குள் ஃபேன் காற்றில் பீரோவில் மாட்டியிருந்த முருகன் காலண்டர் தூக்கியது. அதற்குப் பின்னால் நான் பள்ளிக்கூட நாளில் பசை போட்டு ஒட்டிய மல்யுத்த வீரன், கிழிக்க முடியாததால் அம்மா காலண்டரை மாட்டி மறைத்து வைத்தவன், மீசையை முறுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

சரவணன் முகம் மலர்ந்தது. “அட, நீங்களும் பாப்பீங்களா? நானும்தான். காலேஜ் முடிக்கிற வரைக்கும் ஒரு வாரம் உட்டதில்ல. ஆனா எல்லாம் டிராமாங்க. அந்தப் புடியெல்லாம் வலிக்கவே வலிக்காது.”

இதை என் முகத்துக்கு நேராக ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சுர்ரென்று ஏறிவிட்டது.

“கையக் குடுங்க” என்றேன்.

கொடுத்தார், சிரித்துக்கொண்டே. (பெண் கையைப் பிடிக்கப்போகிறாள் என்று நினைத்திருப்பார். பிடிக்கத்தான் செய்தேன்.) மூன்று வருஷம் செந்தில் மேல் பழகிய கை, பட்டுப்புடவையிலும் மறக்கவில்லை. ஒரே சுற்று. அவர் கை முதுகுக்குப் போனது, முகம் பீரோ கதவில் ஒட்டிக்கொண்டது.

“இப்ப வலிக்குதா? விட்டுடறீங்களா?” என்று சட்டப்படி கேட்டேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய அம்மா, மாமா, மொத்த வேனும் இருக்கிறது. இடது கையால் பீரோவை மெல்ல மூன்று தட்டுத் தட்டினார்.

ஓகோ, தெம்பு சேர்க்கிறாரா? இறுக்கினேன்.

வேகமாகத் தட்டினார். இன்னும் இறுக்கினேன். அவர் விடாமல் தட்ட, நான் விடாமல் இறுக்க, பீரோ கிடுகிடுத்தது. முருகன் கீழே விழுந்தார்.

“பீரோவ யாரு இந்தத் தட்டுத் தட்றது?” என்று கேட்டுக்கொண்டே கிள்ளை மாமா திரையை விலக்கினார்.

அந்தக் காட்சியை நீங்களே நினைத்துப் பாருங்கள். அப்பா பஜ்ஜித் தட்டோடு நின்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். “என்னம்மா பண்றே?” என்று சரவணனின் அம்மா கேட்டார்.

“சும்மா பேசிட்டு இருந்தோம்மா” என்றேன், கையை விடாமலே.

“பாட்டு வரும்னுதான சொன்னாங்க” என்றார் மாமா.

வேன் கிளம்பியது. இந்த முறை போன் பண்ணுகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா இரண்டு நாள் திட்டினாள், அது பரவாயில்லை. அப்பா ஒன்றுமே சொல்லாமல் முருகனை எடுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டினார். அதைப் பார்த்துத்தான் அழுதேன். மனதுக்குப் பிடித்த ஒரே ஆளையும் கையை உடைத்து அனுப்பிவிட்டேனே என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பதினைந்து நாள் கழித்துக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன் வந்தது.

“சிதம்பரத்துலேர்ந்து சரவணன் பேசறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான்தான் தட்டுனேன்ல, ஏங்க உடல?”

“தட்டுனா? தெம்பு ஏத்திக்கறீங்கன்னு இன்னும் இறுக்குனேன்.”

“தட்டுனா தோத்துட்டேன்னு அர்த்தங்க.”

“எப்பலேர்ந்து?”

“ரொம்ப வருஷமா அப்படித்தான். நீங்க எப்ப கடைசியாப் பாத்தீங்க?”

“பத்தாவது படிக்கிறப்ப.”

அந்தப் பக்கம் அவர் சிரித்தார் பாருங்கள், ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். டிராமா என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், கையில் கட்டோடு கடையில் உட்கார்ந்திருப்பதாகவும், வருகிற வாடிக்கையாளரெல்லாம் தன்னிடமே மருந்து சொல்வதாகவும் சொன்னார்.

“மாமா வேணான்னாரு. எங்கம்மாதான், டாக்டர் சீட்டு இல்லாம தூக்க மாத்திரை கேட்டுக் கடையில ரகளை பண்றானுங்களே, இந்தப் பொண்ணு வந்து ஒக்காந்தா ஒருத்தன் வாயத் தொறப்பானான்னு கேட்டாங்க. எனக்கு அதுக்கு மேல ஒரு காரணம் இருக்கு. நேர்ல சொல்றேன்.”

தை மாதம் கல்யாணம். ஐயர், “பொண்ணு கையைப் பிடிச்சுக்கோங்கோ” என்றதும் மாப்பிள்ளை ஒரு கணம் யோசித்தார். “பாத்துடா, மெதுவா” என்று கிள்ளை மாமா கத்த, மண்டபமே சிரித்தது. சரவணன் என் கையைப் பிடித்து, புறங்கையில் மூன்று தட்டுத் தட்டினார். எங்கள் கல்யாண வீடியோவில் நான் தலை நிமிர்ந்து சிரிப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவர் மேஜையை மூன்று முறை தட்டுவார். நான் விடுவதில்லை. எங்கள் காலத்துச் சட்டப்படி ரெஃப்ரி வந்து கேட்க வேண்டும். அந்த வேலையை எங்கள் மகள் பார்க்கிறாள். தட்டும் சத்தம் கேட்டதும் எங்கிருந்தாலும் ஓடி வந்து, இடுப்பில் கை வைத்துக் குனிந்து, “விட்டுடறியாப்பா?” என்பாள்.

“விட்டுட்டேம்மா” என்பார் அவர், முகத்தை அவ்வளவு பாவமாக வைத்துக்கொண்டு.

அத்தனையும் டிராமா.