ஒன்பதில் நின்றுபோன ஸ்கோப்

இரண்டு பொருளை முன்னால் வைத்து ஒன்றை எடு என்றால், கூடாததை எடுப்பதில் எனக்குத் தனிக் கைராசி உண்டு. செருப்பு, சைக்கிள், கல்லூரியில் பாடப்பிரிவு எல்லாம் அப்படி எடுத்தவைதான். (மனைவியைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். அங்கே என்னைத்தான் எடுத்தார்கள். அந்தக் கதைதான் இது.)

எழுபதுகளின் கடைசியில் எனக்கு இருபத்தைந்து வயது. நாமக்கல் பக்கம் தோட்டம், கிணறு, பம்புசெட்டு, கூடவே ஒரு பாயின்ட் டூ டூ ரைபிள். சுண்டுவிரல் நுனியளவு தோட்டா போடும் சின்னத் துப்பாக்கி. வாங்கியவர் அப்பா, லைசென்ஸ் எடுத்தவர் அப்பா, பந்தா மட்டும் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரைபிள் கிளப்புக்குப் போய் நான்கு காகித அட்டைகளைச் சுட்டுவிட்டு, எல்லையில் போர் முடித்தவன் போல வீட்டுக்குள் நுழைவேன். அம்மா, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்பாள். போர் அத்தோடு முடியும்.

அந்த ரைபிளுக்கு ஒரு ஸ்கோப், அதாவது மேலே மாட்டிக் குறிபார்க்கும் தூரக்கண்ணாடி, வாங்குவதென்று முடிவானது. பெரியப்பா மகன் கந்தசாமி அண்ணனுடைய லாரி பம்பாய் போய் வரும். அங்கே ஒரு கடையில் இரண்டு வகை இருப்பதாக அவர் விசாரித்துச் சொன்னார். ஒன்று, எப்போதும் நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும். வேறு வேலை தெரியாது. மற்றதில் ஒரு வளையம் உண்டு. திருகினால் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது வரை கேட்டபடி காட்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான்கைவிட ஒன்பது பெரியது என்று ஒன்றாம் வகுப்பு வாத்தியாரே சொல்லிக் கொடுத்துவிட்டாரே.

கிளப்பில் இதை மறுத்தவர் ஒரே ஒருவர்தான். மோகனூரில் கரும்பு போட்டிருந்த ஒரு மாமா. பத்து வருடமாக அந்த நாலு மடங்கு ஸ்கோப்பிலேயே காலம் தள்ளியவர். சங்கடம் என்னவென்றால், அவர் மகள் சரோஜாவின் ஜாதகம் என் ஜாதகத்தோடு பொருந்தியிருந்தது. "பையனை இன்னுங் கொஞ்சம் பழகிப் பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். நானோ ஒரு கல்யாணப் பந்தியில் சரோஜாவைப் பார்த்த நாளிலிருந்து, இவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று கிறுக்குப் பிடித்துக் கிடந்தேன். ஆக, அவர் என்ன சொன்னாலும் ஆமாம் சாமி போட வேண்டிய நேரம். நான் வாதாடினேன்.

"நாலு போதுஞ் சாமி," என்றார் மாமா. "பெருசாத் தெரியத் தெரிய அக்கம்பக்கம் தெரியாதுங்க. திருகறதுக்கு ஒண்ணும் இல்லீன்னா, கெட்டுப்போறதுக்கும் ஒண்ணும் இல்லீங்க."

"அதெல்லாம் அந்தக் காலமுங்க மாமா. வேணுங்கறப்ப மூணு, வேணுங்கறப்ப ஒம்போது. நம்ம இஷ்டந்தானுங்களே?"

"செரி சாமி, உங்க இஷ்டம்," என்று அவர் வெற்றிலையை மடித்தார். அந்த மடிப்பில் என் கல்யாணமும் மடிந்துவிட்டதோ என்று வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

ஸ்கோப், லாரி டிரைவரின் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கியது. மாட்டிப் பார்த்தேன். மூன்றில் தென்னைமரம் தெரிந்தது. ஒன்பதில் மரத்து எறும்பு தெரிந்தது. இரண்டு வாரம் ஊரில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்த எறும்பைக் காட்டினேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. மம்பட்டி, கடப்பாரை, பம்புசெட்டு மோட்டார் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். துப்பாக்கிக்கு வைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கும்பிட வரும் சொந்தக்காரர்களுக்கு ஒன்பது என்ற எண் தெரிய வேண்டுமே என்று வளையத்தை ஒன்பதுக்குத் திருகி, அதைச் சுற்றிக் கெட்டிச் சந்தனத்தை மாப்பிள்ளைக்குப் பூசுவது போலக் குழைத்துப் பூசினேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக் கூடாது. தொடவில்லை. எடுத்ததும் துணியால் மேலாகத் துடைத்துக்கொண்டு அப்பாவோடு கிளப்புக்கு ஓடினேன். அன்றைக்குத்தான் வருடாந்திரப் போட்டி.

ஐம்பது கஜத்தில் வரிசையாக அட்டைகள். ஆளுக்கு ஓர் அட்டை, பத்துத் தோட்டா. எந்த ஸ்கோப்பும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஏழாம் எண். எட்டாம் எண்ணில் வந்து படுத்தவர் மோகனூர் மாமா. இன்று ஜெயித்தால் பெண், தோற்றால் வாயாடிப் பயல் என்ற பெயர். எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

முதலில் மூன்றில் வைத்து என் அட்டையைக் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு ஒன்பதுக்குப் போவது என் திட்டம். வளையத்தைத் திருகினேன். அசையவில்லை. இடுக்கெல்லாம் சந்தனம் காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். வாசனை வந்தது, வளையம் வரவில்லை.

"ஏனுங் சாமி, திருக மாட்டேங்குதுங்களா?" என்றார் மாமா, பக்கத்தில் படுத்தபடி.

"எனக்கு ஒம்போதுதானுங்க மாமா வேணும்," என்றேன். வீம்பு.

விசில் ஊதினார்கள். ஸ்கோப்புக்குள் பார்த்தால் உலகம் முழுக்க ஒரே ஓர் அட்டைதான் இருந்தது. எண் பலகைகள் எதுவும் பார்வைக்குள் வரவில்லை. கிடைத்த அட்டைக்கு நன்றி சொல்லிச் சுட்டேன். நான்கு முறை சுட்டுவிட்டுப் பார்த்தபோது ஏழு ஓட்டைகள் தெரிந்தன. (எண்ணிக்கையில் நான் எப்போதுமே சுமார்.) ஒன்பது மடங்கு என்றால் ஓட்டையும் கூடுதலாகத்தான் தெரியும் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மீதி ஆறையும் விட்டேன்.

அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். ஏழாம் எண் அட்டை, கடையில் வாங்கியபடியே பத்திரமாக இருந்தது. எட்டாம் எண்ணில் இருபது ஓட்டை. கிளப் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். யாருடைய குண்டு எது என்று பிரிக்க முடியாது. ஆகவே இருபதில் நல்ல பத்து அட்டைக்காரருக்குச் சேரும் என்றார். முதல் பரிசுக் கோப்பை மோகனூர் மாமாவுக்கு. எனக்குச் சுழி.

அப்பா என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்தார். கோப்பை போனது பெரிதில்லை, சரோஜா போய்விட்டாளே!

மாமா கோப்பையும் கையுமாக வந்தார். "நாலுல ரெண்டு அட்டையுந் தெரியுதுங்க. மூணாவது குண்டுலயே பாத்துப்போட்டேன்."

"சொல்லியிருக்கலாமுங்களே மாமா!"

"சுடறப்ப பேசக்கூடாதுன்னு கிளப்புல சட்டமிருக்குதுங்களே, சாமி." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "பையன் குறி சுத்தமுங்க. எது நம்ம அட்டைன்னு காட்டறதுக்குத்தான் கூட ஒரு ஆளு வேணும். அதை எம்புள்ள பாத்துக்குவா. தை மாசத்துல வெச்சுக்கலாமுங்களா?"

தையில் கல்யாணம் நடந்தது. அந்தக் கோப்பை மாமனார் வீட்டில் இன்னும் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்கு இரண்டு பொட்டு வைப்பார்கள். ஒன்று என் பங்காம். ஸ்கோப்பைக் கந்தசாமி அண்ணன் மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஒருவழியாகத் திருகினார். அது நாலுக்கு வந்ததும் அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.

போன மாதம் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சரோஜாவுக்கு முன்னாலேயே போய்விட்டேன். மணமக்கள் மேல் அட்சதை போட்டு, பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை வந்தபோது போன் அடித்தது. மாடியில் இன்னொரு கல்யாணம் நடப்பதும், எங்கள் சொந்தமெல்லாம் அங்கே எனக்காகக் காத்திருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"ஏனுங்க," என்றாள் சரோஜா, "பக்கத்து அட்டைங்களா?"

"ஆமா," என்றேன். "பாயசம் நல்லாருக்குது. முடிச்சுட்டு வாரேன்."