நாலு சுவரும் ஓகே

எனக்கு ஒரு வியாதி உண்டு. எனக்கு எல்லாம் தெரியும். டாக்டர் ஊசியை எடுத்தால் எந்தப் பக்கம் போடுவது நல்லது என்று அவருக்கே சொல்லிக்கொடுப்பேன். பரோட்டாக் கடையில் மாஸ்டருக்கு மாவு பிசையக் கற்றுக்கொடுக்கப் போய், கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து கும்பிட்டு என்னை வெளியே அனுப்பியிருக்கிறார். இப்படிப்பட்டவன் வீடு வாங்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை மானம் மரியாதையை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன்.

துறைமுகத்தில் கன்டெய்னர் சர்வேயர் வேலை எனக்கு. எங்கள் பாஷையில் அது பொட்டி. பொட்டியைச் சுற்றி வந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை என்று பார்த்துச் சாக்பீஸால் எழுதிவைப்பேன். ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு இருட்டில் நிற்க வேண்டும். ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். பதினெட்டு வருடமாக இப்படி இருட்டில் நின்றே சம்பளம் வாங்கியவன் நான்.

திருவொற்றியூரில் ஒரு வீடு விலைக்கு வந்தது. முதல் மாடி, இரண்டு படுக்கையறை, பளபளவென்று புதுப் பெயின்ட், ஹோட்டல் மாதிரி ஃபால்ஸ் சீலிங் என்கிற பொய்க்கூரை. வீட்டுக்காரர் வெளியூர். புரோக்கர் முத்துதான் எல்லாம். பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து வில்லங்கம் பார்த்தாகிவிட்டது. (அதையும் நானே படிக்கிறேன் என்றுதான் சொன்னேன். இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிட்டேன்.) மறுநாள் அக்ரிமென்ட் போட வேண்டும். என் மனைவி கலா இருபத்திரண்டு வருடமாகத் தையல் மிஷினை மிதித்துச் சேர்த்ததும், கழுத்தில் கிடந்ததும் சேர்த்து அதில்தான் போகப்போகிறது. இது தப்பாகப் போனால் இன்னொரு வீடு எங்கள் ஆயுசில் கிடையாது.

அதனால்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஒரு இன்ஜினீயர இட்டுகினு போய்க் காட்டிட்லாம்யா. கடலோரத்து வூடு. மேல பெயின்ட் சோக்கா கீது, உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்! சுத்தியால நாலு தட்டு தட்டுறதுக்கு ஃபீஸ் அழணுமா? பதினெட்டு வருசமா நான் இன்னா புடுங்கிகினு கீறேன்?"

"பொட்டி பாத்துகினு கீற."

"வூடு மட்டும் இன்னாவாம்? சமையக்கட்டு வெச்ச பொட்டிதானே!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தையல் மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். (கல்யாணமான ஆண்கள் இந்த இடத்தில் எனக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்கலாம்.)

மறுநாள் காலை டூட்டி என்று பொய் சொல்லிவிட்டு, முத்துவிடம் சாவி வாங்கிக்கொண்டு தனியாக அந்த வீட்டுக்குப் போனேன். ஹாலைச் சுற்றினேன். சுவரைத் தடவினேன். ஒன்றும் தெரியாவிட்டாலும் "ம்ம்" என்று தலையை ஆட்டினேன். பிறகு உள் படுக்கையறைக்கு வந்தேன். அங்கே இருந்தது ஒரே ஜன்னல்தான். இருட்டுப் பரீட்சைக்கு இதைவிட நல்ல அறை கிடைக்காது. போன் வெளிச்சம் பரீட்சையைக் கெடுக்கும் என்று அதை ஹால் ஜன்னலில் வைத்துவிட்டு (தொழில் சுத்தம்!), அறைக்குள் போய் மர ஜன்னலைச் சாத்திக் கொக்கியை அழுத்திப் போட்டேன். கதவை ஓங்கி அடித்து மூடினேன்.

கும்மிருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருட்டிலேயே தடவித் தடவி நாலு சுவரிலும் "ஓகே" என்று சாக்பீஸால் பெரிதாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். பிறகு கதவை இழுத்தேன். வரவில்லை. கடல் காற்றில் உப்பிப்போன மரம், அடித்து மூடிய வேகத்தில் சட்டத்துக்குள் இறுகிவிட்டது. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். வந்தது. கைப்பிடி மட்டும்.

"முத்து!" என்று கத்தினேன். "யாராச்சும் கீறீங்களா?" என்று கத்தினேன். ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன், துருப்பிடித்த கொக்கி அசையவில்லை. வெளியே எண்ணூர் போகிற டிரெய்லர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எத்தனை வருடம் அந்த லாரிகளுக்குப் பொட்டி பார்த்து அனுப்பியிருப்பேன், ஒருத்தனாவது இரண்டு நிமிடம் சும்மா இருந்தானா? மின்சாரத்தையும் துண்டித்திருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனியனோடு நின்றேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. அப்பாடா, சாமி கண்ணைத் திறந்தது என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"பாத்தீங்களாக்கா, அண்ணன் சாவிய கதவுலயே வுட்டுட்டுப் போயிட்டாரு" என்றது முத்துவின் குரல்.

"அவுரு அப்டித்தான்" என்றது இன்னொரு குரல்.

கலா! ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியை வாங்கிவரப் போகிறேன் என்று சொன்ன கலா! திறந்த வாயைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டேன்.

மூன்றாவதாக ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது. "மேடம், ஹால்லேர்ந்து ஆரம்பிக்கலாமா?" அதைத் தொடர்ந்து சுத்தியல் சத்தம். டொக், டொக். இன்ஜினீயரை அழைத்து வந்துவிட்டாள் சண்டாளி.

இப்போது கூப்பிட்டால் கதவைத் திறந்துவிடுவார்கள். திறந்தால், பனியனோடு, கையில் கழன்ற கைப்பிடியோடு, நான் வேண்டாம் என்ற இன்ஜினீயர் முன்னால் நிற்க வேண்டும். அதற்கு இங்கேயே செத்துப்போகலாம் என்று தோன்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்க ஹஸ்பெண்ட் பாத்துட்டாரா மேடம்?"

"பாத்துட்டாரு நஸ்ரீன்மா" என்றாள் கலா. அவளுக்கு ஏன் அன்று அவ்வளவு உரத்த குரல் என்று எனக்குப் புரியவில்லை. "பொட்டிக்கு ஓட்டை பாக்குறவரு. இத்தயும் பொட்டின்னு நென்ச்சிகினு கீறாரு. தெரியாதுன்னு ஒரு வார்த்த அந்த வாய்லேர்ந்து வராது. வந்தா வாய் வெந்துபூடும்."

முத்து சிரித்தான். அவனுக்குத் தரவேண்டிய கமிஷனில் எவ்வளவு குறைக்கலாம் என்று இருட்டிலேயே யோசித்தேன்.

"ஆனா கெட்ட மன்சன் இல்லம்மா" என்றாள் கலா. "ஏழு வாடக வூடு மாறிட்டோம். ஒவ்வொரு வாட்டியும் என் தையல் மிஷின வேற யாரையும் தொட வுடமாட்டாரு. தானே தூக்கிகினு மாடி ஏறுவாரு. இடுப்பு புட்ச்சிகினு ரெண்டு நாள் படுத்துப்பாரு. அத்த ஒரே எடத்துல வெச்சிடணும்னுதான் இந்த அவசரம். நல்லா பாத்து சொல்லு தாயி. ஏதாச்சும் ஆச்சுன்னா என் நகை போனதுகூடப் பெருசில்ல, அந்த மன்சன் ஒட்ஞ்சிபூடுவாரு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது வியர்வை என்று பிற்பாடு எல்லோரிடமும் சாதித்தேன். அழுதேன் என்பதுதான் உண்மை.

"இந்த ரூம்?" என்றாள் நஸ்ரீன்.

முத்து தள்ளிப்பார்த்தான். "இறுகிகினு கீதும்மா. வுடுங்க, உள்ள ஒண்ணும் கெடையாது."

"ஒண்ணும் இல்லன்னாலும் நான் பாத்துட்டுத்தான் எழுதணும் சார்."

முத்து பின்னால் போய் ஓடிவந்து தோளால் இடித்தான். கதவு திறந்து என் நெற்றியில் மோதியது. நான் மல்லாந்து விழுந்தேன். டார்ச் வெளிச்சம் முதலில் என் பனியன் மேல் விழுந்தது, பிறகு கைப்பிடி மேல், அப்புறம் மெதுவாக நாலு சுவரையும் சுற்றி வந்தது. ஓகே. ஓகே. ஓகே. ஓகே.

"ஐயோ, அண்ணே!" என்றான் முத்து.

நஸ்ரீனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். "கொஞ்சம் வெளிய வந்து நில்லுங்க சார்" என்றாள். நான் எழுந்து வந்ததும், பொய்க்கூரையின் ஒரு பலகையைச் சுத்தியல் காம்பால் மேலே தள்ளினாள். பொலபொலவென்று கொட்டியது. துரு, மண், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கான்கிரீட் துண்டு. நான் பெருமையாக நின்றுகொண்டிருந்த அதே இடத்தில் விழுந்தது. மேலே கம்பிகள் துருவேறி, வீங்கி, வெளியே துருத்திக்கொண்டு நின்றன.

"ஸ்லாப் போயிடுச்சு மேடம்" என்றாள் நஸ்ரீன். "இத மறைக்கத்தான் இந்த சீலிங். வாங்காதீங்க."

முத்து வேறு பக்கம் பார்த்தான். கலா தலையில் கைவைத்தாள். அன்று மாலை அக்ரிமென்ட். கையெழுத்துப் போட எனக்குப் பேனாகூட ரெடியாக இருந்தது.

தெருமுனை டீக்கடையில் கலா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். நெற்றியில் வீங்கியிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் உள்ள கீறேன்னு தெரியாம என்னென்னவோ பேசிட்ட" என்று ஆரம்பித்தேன்.

"தெரியாமவா? வாசல்ல உன் செருப்பு. கதவுல சாவி. ஜன்னல்ல உன் போனு. நான் இன்னா குருடியா?"

"அடிப்பாவி! தெரிஞ்சிகினே வுட்டியா? கதவத் தொறக்க வாணாம்?"

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். "நீ ஏன் தட்டல?"

எல்லாம் தெரிந்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. "அசிங்கமா இருந்துச்சு" என்றேன் கடைசியில். இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் உண்மையான பதில் அதுவாகத்தான் இருக்கும்.

நஸ்ரீனின் அறிக்கை இரண்டு நாளில் வந்தது. அதில் ஒரு வரி: "உள் படுக்கையறை: கதவு இறுகியுள்ளது. உட்புறக் கைப்பிடி இல்லை. திறந்தபோது உள்ளே ஒருவர் இருந்தார்." என் மகள் அதைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தி வாசிப்பவர் மாதிரி படித்துக் காட்டினாள்.

ஒரு வருடம் கழித்து மாத்தூரில் சின்னதாக ஒரு வீடு வாங்கினோம். நஸ்ரீன் சரி என்று சொன்ன பிறகுதான் வாங்கினோம். நான் வாயைத் திறக்கவே இல்லை. தையல் மிஷினை மட்டும் நானே தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் வைத்தேன். அங்கேதான் இருக்கிறது. ஆனால் அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. மருந்துச் சீட்டைப் பிரித்து நான் வியாக்கியானம் சொன்னாலும் சரி, ஸ்க்ரூ டிரைவரோடு மோட்டார் பக்கம் போனாலும் சரி, கலாவோ மகளோ பக்கத்தில் இருப்பதன் மேல் இரண்டு தட்டு தட்டுவார்கள். டொக், டொக். தெரிந்தவரைக் கூப்பிடு என்று அர்த்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை கலாவின் அண்ணன் வந்திருந்தார். வள்ளூர் பக்கம் ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறாராம். "இன்ஜினீயர், வக்கீலு, எல்லாம் தண்டச் செலவு மாப்ள. நமக்குத் தெரியாததா?" என்றார். கலா சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவள் வருவதற்குள் நானே சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு தட்டினேன். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. கலா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.