இரண்டு கட்டையில் பத்தொன்பது

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
மார்ச் 2006

என்றும் என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மச்சான் கிளெமென்றுக்கு,

அத்தான் பிலேந்திரன் எழுதிக்கொள்வது. மாதாவின் துணையோடு நாங்கள் மூவரும் இங்கு சுகம். ரொறன்ரோவில் நீரும் குடும்பமும் அவ்வண்ணமே இருக்க மன்றாடுகிறோம். இங்கே பனியும் இன்னும் போகவில்லை, என் முழங்கால் நோவும் போகவில்லை. இரண்டும் சித்திரையோடு போகும் என்று நம்பியிருக்கிறேன். நிற்க.

உம்முடைய அக்கா மரியரஞ்சனி உமக்கு ரெலிபோன் எடுத்து, "இந்த மனுசன் பிள்ளையின்ரை கணக்கைக் கெடுத்துப்போட்டுது" என்று சொன்னதாக அறிந்தேன். ரெலிபோனில் பதில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஒரு வசனம் முடிக்க முன்னம் அவள் பக்கத்தில் நின்று மூன்று வசனம் போடுவாள் என்பது உமக்குத் தெரியாததல்ல. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீரே நியாயம் சொல்லும்.

உம்முடைய மருமகள், எங்கள் மகள் அனஸ்ரேசியாவுக்கு இது பத்தாம் வகுப்பு. இங்கே புள்ளி ஒன்றிலிருந்து ஆறு வரைதான், ஆறுதான் உச்சம். கணக்கில் அவள் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு நின்றாள். நகரத்தில் அவள் ஆசைப்படுகிற பள்ளிக்கூடத்துக்குப் போக ஐந்து வேண்டும். வீட்டில் செய்து கொடுக்கிற கடைசி ஒப்படையைப் பார்த்துத்தான் முடிவு என்று ரீச்சர் சொல்லிவிட்டா. அந்த ஒப்படை என்ன தெரியுமோ? இரண்டு தாயக்கட்டைகளை ஒன்றாக எறிந்து, விழுவதைக் கூட்டி எழுத வேண்டும். இருநூறு தரம் எறிந்த பிறகு, எந்தத் தொகை எத்தனை தரம் வந்தது என்று பெட்டி பெட்டியாக அடுக்கிப் படம் கீற வேண்டும். நீர் உயர்தரத்தில் செவ்வன் பரம்பல், மணி வடிவ வளையி என்று படித்துத் தலையைப் பிய்த்தீரே, அதன் ஆரம்பப் பாடமாம். திங்கள் காலை கொடுக்க வேண்டும். ஞாயிறு முழுக்க அவளுக்குக் கைப்பந்துப் போட்டி. பெற்ற தகப்பன் சும்மா இருப்பானோ? நானே எறிந்து வைக்கிறேன் என்றேன். அவள் சப்பாத்தைப் போட்டபடியே, "விழுறதை அப்பிடியே எழுதுங்கோ அப்பா, வேறை ஒண்டும் செய்யாதேங்கோ" என்றாள். இதுவும் ஒரு வேலையோ பிள்ளை என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்குப் பார்த்து, பூசை முடிந்து, ஹவுகெட்டோவில் இருக்கிற ஜெயகுமாரி அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தா. நண்டுக் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவ மேசையில் கட்டையைக் கண்டதும், "என்ன, லூடோவோ? எனக்கும் ஒரு கை தாங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டா. அக்காவை எழும்பு என்று சொல்ல முடியுமோ? உம்முடைய அக்காவும் வந்து குந்தினாள். ஆளுக்கு ஆள் மாறி மாறி எறிந்தோம், நான் எழுதினேன். மச்சான், கட்டையைக் கையில் எடுத்தால் எங்கள் சனத்துக்கு விதியை ஆரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு விழுந்தால் அந்தக் கட்டையை இன்னொரு தரம் எறிந்து கூட்டிக்கொள்ள வேண்டும். திரும்ப ஆறு விழுந்தால் திரும்ப எறிய வேண்டும். மூன்றாம் முறையும் ஆறு விழுந்தால் அந்த எறி முழுக்க அழிந்து பூச்சியம். மேசையால் உருண்டு விழுந்தால் செல்லாது. உம்முடைய அக்காவுக்கு ஒருமுறை ஒரு கட்டை ஆறு, ஆறு, நாலு என்று வந்து மற்றக் கட்டை மூன்று காட்டியது. ஜெயகுமாரி அக்காவுக்கு மூன்று ஆறு விழுந்து எல்லாம் அழிந்தது. கட்டை மேசை விளிம்பில் தட்டினது, அது கணக்கில்லை என்று அவ வாதாடினா. நான் விடவில்லை. படிப்பு விசயம் அக்கா, இதில் களவு கூடாது என்று பூச்சியத்தை எழுதினேன். இதற்கு மேல் ஒரு மனுசன் எப்படி நேர்மையாக நடக்கிறது?

பின்னேரம் அனஸ்ரேசியா நனைந்த தலையோடு வந்து தாளை எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, இதிலை பூச்சியம் கிடக்கு."

"ஓம், அது ஜெயகுமாரி அக்கான்ரை."

"பத்தொன்பது?"

"அது அம்மான்ரை. அவவுக்குக் கைராசி தெரியுந்தானே."

"ரெண்டு கட்டை அப்பா. ஆறும் ஆறும் பன்ரெண்டு. அதுக்கு மேலை என்னண்டு வரும்?"

அப்போதுதான் மச்சான் எனக்குப் பிழை விளங்கியது. ஜெயகுமாரி அக்கா குழம்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று கழன்றுவிட்டா. உம்முடைய அக்கா, தானும் இருந்து எறிந்ததை மறந்து, என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை. பிள்ளை கட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அறைக்கதவைச் சாத்தினாள். உள்ளே கடகட என்று சத்தம், பிறகு பென்சில் உரசுகிற சத்தம், திரும்பக் கடகட. அவளுடைய ஐந்தை நான்தான் தின்றுவிட்டேன் என்று நெஞ்சு வெந்துகொண்டிருந்தது.

தேத்தண்ணியோடு போய்க் கதவைத் தட்டினேன். "இருக்கலாம், ஆனால் கட்டையைத் தொடக் கூடாது, கதைக்கவும் கூடாது" என்றாள். கட்டில் நுனியில் குந்திக்கொண்டு பார்த்தேன். ஆறு விழுந்தபோதெல்லாம் என் கை துடித்தது, தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டேன். முதலில் பெட்டிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றன. எறிய எறிய நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து, ஆரும் கேளாமல் ஒரு மலை எழும்பி நின்றது மச்சான். உச்சியில் ஏழு. எனக்கு அப்படியொரு சந்தோசம், வாய் திறக்கக் கூடாது என்பதையும் மறந்துவிட்டேன்.

"ஏழுக்கு மட்டும் ஏன் பிள்ளை இவ்வளவு?"

"ரெண்டு வர வேணுமெண்டால் ஒண்டும் ஒண்டும் விழ வேணும், ஒரே வழிதான். ஏழுக்கு ஒண்டும் ஆறும், ரெண்டும் அஞ்சும், மூண்டும் நாலும். அதுகளைத் திருப்பிப் போட்டாலும் ஏழு. ஆறு வழி. கட்டையின்ரை எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட இந்தக் கூரை வளைஞ்சு மணி மாதிரி வரும்."

"அப்ப அம்மான்ரை கைராசி?"

"எறியிறது ஆரெண்டு கட்டைக்குத் தெரியாது அப்பா."

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எனக்கு உயிர் வந்தது. காலையில் எங்களுடைய ஞாயிற்றுக்கிழமைத் தாளையும் எறியாமல், ஆறுக்கு மறு எறி கொடுத்தால் மலை எப்படி வலது பக்கம் இழுபடுகிறது என்று நாலு வரி எழுதிப் பின்னால் சேர்த்துக் கொடுத்தாள். ரீச்சர் அந்தப் பக்கத்தில்தான் கன நேரம் நின்றாவாம். ஐந்தே போட்டுவிட்டா. இப்போது சொல்லும் மச்சான், கெடுத்தது நானோ? அந்த ஐந்தில் எனக்கும் ஜெயகுமாரி அக்காவின் பூச்சியத்துக்கும் பங்கில்லையோ? இதை உம்முடைய அக்காவிடமும் ஒருக்கால் எடுத்துச் சொல்லும்.

என்றாலும் நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். இனி அவளுடைய படிப்பில் என் விரல் நுனியும் படாது. தானாக எழும்புகிறதைத் தானாக எழும்ப விட வேண்டும். நீரும் உம்முடைய மகனை அவன் பாட்டில் விடும், அவனுக்குப் பக்கத்தில் இருந்து கணக்குச் செய்து கொடுக்கிறீர் என்று கேள்வி. பிள்ளைகளை நம்ப வேண்டும் மச்சான்.

உமக்கும் தங்கச்சிக்கும் பிள்ளைக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும், நோவில்லாத முழங்காலையும் அருள்வாராக.

இங்ஙனம்,
உம்மை மறவாத அத்தான்,
ம. பிலேந்திரன்

பி.கு.: இப்போது விஞ்ஞானத்துக்கு வேறொரு ஒப்படை. இரண்டு சட்டியில் பயறு போட்டு, ஒன்றை யன்னலடியிலும் மற்றதை அலுமாரிக்குள்ளும் வைத்திருக்கிறாள். இருட்டுக்குள் கிடந்த கன்றுகள் வெளிறிப்போய், பார்க்கவே பாவமாக இருந்தன. எனக்கு இந்த மாதம் பின்னேர வேலை என்றபடியால், அவள் பள்ளிக்கூடம் போனதும் அந்தச் சட்டியை எடுத்து யன்னலில் வைத்து, வேலைக்கு வெளிக்கிடும்போது திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிடுகிறேன். இப்போது இரண்டும் ஒரே பச்சை. நேற்று அவள் இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு, செடி வளர வெளிச்சம் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.