நங்கூரம் பாயும் ஆடிக் காற்றும்

கடலே இல்லாத சிவகாசியில் கடலுக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் நங்கூரம் பாய்தான். நான் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த இரண்டாயிரமாவது ஆண்டுகளின் தொடக்கத்தில், எதிரே அவருடைய சாப்பாட்டுக் கடை. ஆடிக் காற்று கிளம்பினால் பெஞ்சு, தண்ணீர் டிரம், காய்கறிக் கூடை எல்லாவற்றையும் கயிற்றால் தூணோடு கட்டிவிடுவார். பெஞ்சில் கண்ணயர்ந்த ஏழாயிரம்பண்ணை வெடிக் கம்பெனிக் கணக்குப்பிள்ளையையும் ஒருமுறை சேர்த்துக் கட்டிவிட்டார். முடிச்சை அவிழ்ப்பதற்குள் பஸ் போய்விட்டது. கணக்குப்பிள்ளை கோபித்துக்கொள்ள, உருண்டு விழுந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று பாய் திருப்பிக் கேட்டார்.

வாலிபத்தில் மாலத்தீவுச் சரக்குத் தோணியில் சமையல்காரராக இருந்தவர். தீவுக்கும் தீவுக்கும் நடுவே பெருங்காற்றில் இன்ஜின் நின்று, இரவு பகல் தெரியாமல் மிதந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். பவளப் பாறைக்கு உள்ளே தண்ணீர் கிளிப்பச்சை, வெளியே கன்னங்கறுப்பு. அலை தோணியைத் தூக்கும்போது நட்சத்திரம் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்குமாம். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்குச் சோறு ஆறிப்போகும்.

அப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகள் பர்வீனுக்கு அமைந்த மாப்பிள்ளைக்கு மாலத்தீவில்தான் ஹோட்டல் வேலை. கரையில் மாப்பிள்ளையே இல்லையா என்று பாய் புலம்பினார். பர்வீனுக்கு அவனைப் பிடித்திருந்தது. கல்யாணமாகி, அடுத்த ஆடியிலேயே அவனோடு கிளம்பினாள். தலைநகர் வரை விமானம். அங்கிருந்து அவன் தீவுக்குப் படகு.

படகேறும் நாள் காலையில், அந்தப் பக்கம் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு, மீனவர்கள் போகவேண்டாம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். பாய் கரண்டியைப் பிடித்தபடி தென்மேற்கைப் பார்த்து நின்றுவிட்டார். அச்சகத்து ஆட்கள் நாங்களே பரிமாறிச் சாப்பிட்டோம். மதியம் தாண்டியும் அவருடைய செல்போன் அடிக்கவில்லை. எங்களை வேலைக்குக் கூப்பிட வந்த மேனேஜரும் விஷயம் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெயில் சாயும்போது செல்போன் அடித்தது. பாய் அதைக் காதில் வைக்காமலே என்னிடம் நீட்டினார்.

"அத்தா, வந்து சேந்துட்டோம்" என்றாள் பர்வீன். வழியெல்லாம் வாந்தி என்றும் சொன்னாள். அதையும் தயங்கித் தயங்கிப் பாயிடம் சொன்னேன்.

"வாந்தி எடுத்தாளா? அப்ப நல்ல கடல்தான். நெசமாவே ஆபத்துன்னா வாந்திகூட வராது" என்றார். சொன்னவர் அப்படியே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு வந்தார். புழுதியை வாரிக்கொண்டு காற்று வந்தது.

"இது அவ தீவைத் தொட்டுட்டுத்தான் வருது. மீன் வாடை அடிக்குதான்னு மோந்து பாருங்க" என்றார்.

சிவகாசித் தெருவில் வெடிமருந்தும் அச்சு மையும் தவிர வேறென்ன அடிக்கும்? நான் மூச்சை நன்றாக இழுத்து, "அடிக்குது பாய்" என்றேன்.