பல்லைத்தான் பார்ப்பார்கள் என்று எழுதிய மச்சானுக்கு

பேகம்பூர்,
திண்டுக்கல்.
14-7-63

மேன்மை தங்கிய மச்சான் ஜனாப் அப்துல் வாஹித் அவர்களின் சமூகத்துக்கு, ஆட்டு வியாபாரம் பக்ருதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், தங்கள் தங்கை ஷரீஃபாவும், மகள் ஆரிபாவும், பட்டியில் நிற்கும் அறுபத்திரண்டு உருப்படிகளும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். என் கீழ்த்தாடை மட்டும் நலமில்லை. தங்கள் நலத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. போன புதன்கிழமை சாயங்காலம் எழும்பூர் ஸ்டேஷனில் பார்த்தபோது தாங்கள் நன்றாகத்தான் இருந்தீர்கள்.

அன்றைக்கு ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "என்ன மாப்ளே, இன்டர்வியூ எப்படி? நான் எழுதுனபடிதானே கேட்டாங்க?" என்று நாலு தடவை கேட்டீர்கள். நான் "ஊ, ஊ" என்றேன். அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டினீர்கள். வாய் நிறையப் பஞ்சு இருந்தது மச்சான். பல் பிடுங்கி மூன்று மணி நேரம் ஆகாதவன் கையில் ஒரு பொட்டலம் கை முறுக்கைத் திணித்துவிட்டு, ரயில் புறப்படும் முன்னே பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டீர்கள். அன்று வாயால் சொல்லமுடியாததை இன்று பேனாவால் சொல்கிறேன், உட்கார்ந்து படிக்கவும்.

இதில் எங்களுக்கு என்ன இருந்தது என்பது தங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். நத்தத்துத் தோல் மண்டிக்காரர் வீட்டிலிருந்து ஆரிபாவுக்குச் சம்பந்தம் வந்து மூன்று மாதமாக நிற்கிறது. "பல் டாக்டருக்கு மனுப் போட்டிருக்கேன் அத்தா. சீட்டு கெடைச்சா என்னைய அனுப்பணும். கெடைக்கலேன்னா நீங்க கை காட்டுற வீட்டுக்குப் போறேன், ஒரு வார்த்தை எதுத்துப் பேசமாட்டேன்" என்று என் மகள் கையடித்துக் கொடுத்தாள். நானும் சரி என்று கையடித்தேன். அடித்த பிறகுதான் எனக்கே பயம் வந்தது, ஏனென்றால் அந்தச் சீட்டு அவளுக்குக் கிடைக்கவேண்டும் என்று நானும் உள்ளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கார்டு வந்த அந்த நேரத்தில்தான், கேட்காமலே, தாங்கள் எழுதிய நாலு பக்கக் கடிதம் வந்து சேர்ந்தது.

அடேயப்பா, என்ன கடிதம்! இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தபால் உறை பிரிக்கும் உத்தியோகத்தில் இருந்துகொண்டு, அந்தப் பல் மருத்துவக் கல்லூரியைப் பஸ்ஸில் போகும்போது பார்த்த ஒரே அனுபவத்தை வைத்துக்கொண்டு, உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பிரின்ஸிபால் மாதிரி எழுதியிருந்தீர்கள். ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள், அணைக்கட்டுகளின் நீளம் கேட்பார்கள், உள்ளே போகும்போது வலது காலை வைக்கவேண்டும், ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால் தேச சேவை என்று சொல்லவேண்டும், தகப்பனார் தொழில் கேட்டால் பிஸினஸ் என்று சொல்லவேண்டும், ஆடு என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது. ஏன் மச்சான், வரக்கூடாது? தங்கள் நிக்காஹ் விருந்துக்கு அடித்த பதினொரு கிடாயும் பிஸினஸா, ஆடா? என் பிள்ளை வேறு தங்களை நம்பி ஒரு வாரம் அணைக்கட்டு நீளமாக மனப்பாடம் செய்தாள். அங்கே ஒருத்தனும் அணைக்கட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டாம் பக்கத்தில் ஒரு புத்திமதி. பட்டணத்தில் சர்டிபிகேட்டுகளைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள், ஆகையால் தகரப் பெட்டியில் வைத்து நல்ல பூட்டாகப் போட்டுக் கொண்டுவரவும். திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைப் பற்றிப் பாடம் நடத்திய முதல் ஆள், திண்டுக்கல்லில் பிறந்த தாங்கள்தான். சரி, பெரியவர் சொல்கிறாரே என்று கடைத்தெருவில் ஏழு நெம்பு மாங்காய்ப் பூட்டாக வாங்கிப் போட்டேன். செய்தவனே சாவி இல்லாமல் திறக்கமுடியாத பூட்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும், பின்னால் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே, மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "முதலில் பல்லைத்தான் பார்ப்பார்கள்." பிள்ளையின் பல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதினால் மை தீர்ந்துபோகுமா? எங்கள் தொழிலில் பல்லைப் பார்ப்பது என்றால் என்ன என்று தங்களுக்குத் தெரியாதா? அய்யலூர் சந்தையில் ஒரு குட்டியைப் பிடித்தால் வாயைத் திறந்து, பால் பல்லா, ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று வயதைப் பார்ப்போம். நல்ல ஜாதிக் குட்டி என்றால் அதோடு விடமாட்டோம், தாய் ஆட்டையும் கொண்டுவரச் சொல்லி அதன் வாயையும் திறந்து பார்ப்போம். ஆகையால் பெற்றவர்கள் பல்லையும் பார்த்துத்தான் சீட்டுக் கொடுப்பார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். இதில் என் தப்பு என்ன? ஷரீஃபா வரமாட்டேன் என்றுவிட்டாள். அப்புறம் நான்தானே பாக்கி?

முப்பது வருஷ வெற்றிலைக் காவியை மூன்று நாளில் எடுக்கவேண்டும். அடுப்புக்கரியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், செங்கல் பொடி போட்டுத் தேய்த்தேன், வேப்பங்குச்சியைக் கடைவாயில் விட்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். ஷரீஃபா, "ஏங்க, பல்லு வெளக்குறீங்களா, பாத்திரம் வெளக்குறீங்களா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் பல் பளிச்சென்று ஆகிவிட்டது. கூடவே இடது கன்னம் கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது. கொஞ்ச நாளாகவே அந்தப் பக்கம் ஒரு கடைவாய்ப் பல் சரியில்லைதான். துண்டை மடித்துத் தாடையோடு தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மகளோடு ரயில் ஏறினேன்.

காலையில் எழும்பூரில் தாங்கள் வந்து காத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம், சாயங்காலம் சொன்னீர்கள். உறை பிரிக்கிறவர் ஒரு நாள் வராவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி சாய்ந்துவிடும், நியாயம்தான். விசாரித்து விசாரித்து நாங்களே போய்ச் சேர்ந்தோம். மாடியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், கழுத்தில் டை கட்டிக்கொண்டு, பல்லே தெரியாமல் சிரிக்கிற ஜாதி. ஆரிபா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். அப்போது ஒரு பியூன் என் தலைக்கட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, பல்லா? இங்க இன்னாத்துக்கு நிக்கிறே? கீழ போய் வரிசையில குந்து, வாயைப் பாப்பாங்க" என்றான். பார்த்தாயா, மச்சான் எழுதியது சரியாக இருக்கிறதே என்று நினைத்தேன். மகளிடம், "நீ இரு தாயி, அத்தாவோட பல்லைப் பாக்கக் கூப்பிடுறாக, செத்த நேரத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பீரமாக இறங்கிப் போனேன்.

அது நோயாளிகள் வரிசை. எனக்கு எப்படித் தெரியும்? முன்னால் பின்னால் நின்றவர்கள் எல்லாம் கன்னம் வீங்கி நின்றார்கள். அடடா, எல்லோரும் நம்மைப் போலத்தான் பிள்ளைக்காகப் பல் தேய்த்திருக்கிறார்கள் என்று எனக்கு அவர்கள் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. சீட்டு எழுதுகிறவரிடம் பெயரைச் சொல்லி, "ஆரிபாவோட அத்தா" என்றும் மறக்காமல் எழுதச் சொன்னேன். நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். மீசை அரும்பிய ஒரு படிக்கிற பையன், அவனுக்கே கடைப்பல் இன்னும் முளைத்திருக்காது, வாயைத் திறக்கச் சொன்னான். மகளின் எதிர்காலத்தை நினைத்துத் தாராளமாகத் திறந்தேன். ஊசியைக் குத்திவிட்டான். நாக்கு, உதடு, தாடை எல்லாம் மரத்துப்போயிற்று. சரி, இதுவும் பரீட்சையில் ஒரு பாகம் போலிருக்கிறது, வலி தாங்குகிற வம்சமா என்று பார்க்கிறார்கள் என்று பொறுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் ஆரிபா ஓடி வருகிறாள். "அத்தா, என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க, சாவி எங்க?" சாவி என் பச்சை பெல்ட்டில் இருக்கிறது. நான் "ஹாஹி, ஹெல்ட்டு" என்கிறேன். அந்தப் பையன், "ரொம்ப வலிக்குதுங்களா?" என்று இன்னொரு ஊசியை எடுக்கிறான். ஆரிபாவே பெல்ட்டைத் துழாவிச் சாவியை எடுத்தாள். போகிறவள் போகவேண்டியதுதானே? அதற்குள் அந்தப் பையன் குறட்டை என் வாய்க்குள் விட்டிருந்தான், நின்று எட்டிப் பார்த்தாள். "சார், நீங்க கொறடு வச்சிருக்கிற பல்லு நல்ல பல்லு சார். அதுக்குப் பின்னாடி இருக்கிறதுதான் சொத்தை, உள்பக்கமா ஓட்டை இருக்கு பாருங்க" என்றாள். "நீ யாரும்மா சொல்றதுக்கு?" என்று அவன் சீறினான். அந்தப் பக்கமாகப் போன நரைத்த டாக்டர் ஒருவர், எங்கள் ஆட்டுக் கணக்கில் சொன்னால் எல்லாப் பல்லும் சேர்ந்து முப்பது வருஷமாவது இருக்கும், நின்று என் வாய்க்குள் ஒரு கம்பியை விட்டுத் தட்டினார். அவளையும் ஒரு பார்வை பார்த்தார். பையனிடம் இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். பையன் குறட்டைப் பின்னால் மாற்றிப் பிடுங்கினான். என் மகள் ஒரு நல்ல பல்லைக் காப்பாற்றிக் கொடுத்தாள், ஆனால் அவள் முறை தவறிப்போனதே!

வாயில் பஞ்சோடு மாடி ஏறினேன். கதவுக்கு வெளியே ஆரிபா பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். சாவி திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? அது ஆட்டுப்பட்டிச் சாவி. பெட்டிச் சாவி திண்டுக்கல்லில் பட்டிக் கதவுப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் பார்த்தோம். அதற்குள் பியூன் மறுபடியும் கத்தினான். பிள்ளை என்ன செய்வாள்? பூட்டிய பெட்டியைத் தலையில் வைக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை.

கதவு பாதி திறந்திருந்தது. "சர்டிபிகேட் எங்கே?" "பெட்டிக்குள்ள இருக்கு சார்." "திற." "தெறக்க முடியாது சார், திண்டுக்கல் பூட்டு." முதல் சிரிப்பு. "அப்பா என்ன செய்கிறார்?" "ஆடு யாவாரம் சார்." தாங்கள் சொல்லிக்கொடுத்த பிஸினஸ் போயே போயிற்று. ஒரு கண்ணாடிக்காரர் இளக்காரமாக, "அப்படியானால் ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல் எத்தனை என்று சொல்லு பார்க்கலாம்" என்றார். "ஒண்ணுகூடக் கெடையாது சார். கீழ மட்டும் எட்டு" என்றாள். சொன்னாளா? உள்ளே எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். என் மகளைப் பார்த்துச் சிரித்தார்கள் மச்சான். எனக்கு உள்ளே போய் அந்தக் கண்ணாடிக்காரனின் வாயைத் திறந்து வயதைச் சொல்லிவிட்டு வரவேண்டும் போல இருந்தது. வாயில் பஞ்சு. அதற்குள் பியூன் கதவைச் சாத்திவிட்டான். பிறகு நடந்தது எதுவும் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். அசல் சர்டிபிகேட்டுகளை ஒரு வாரத்தில் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பச் சொன்னார்களாம், அவ்வளவுதான் சொன்னாள். திண்டுக்கல் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வந்ததும் பிடிவாதமாகச் சர்டிபிகேட்டுகளை அனுப்பிவிட்டாள். தபால் செலவு தண்டம். ஆட்டுக்காரன் மகளுக்கு எவன் சீட்டுக் கொடுப்பான்? ஆனால் ஒன்று. இனி அவர்களே நடந்து வந்து கெஞ்சினாலும் அந்த வாசற்படியை நாங்கள் மிதிக்கமாட்டோம். நத்தத்துக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சம்மதம் சொல்லப்போகிறேன். நிக்காஹுக்குத் தாங்கள் தாய்மாமன் முறைக்கு வரலாம், ஆனால் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது. இனிமேல் எனக்கு நாலு பக்கமோ நாலு வரியோ எழுதவேண்டாம். அந்தக் கடிதத்தை ஆடு தின்னட்டும் என்று பட்டியில் போட்டேன், அதுவும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

தங்களுக்கும் மச்சியாருக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளையும், நிறைந்த பரக்கத்தையும், தாங்கள் இருக்கும் ஆபீஸுக்குப் பொறுமையையும் தர துஆச் செய்கிறேன். ஷரீஃபா ஸலாம் சொல்லச் சொன்னாள். நானாகச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு பல் குறைந்த
பக்ருதீன்

பின்குறிப்பு (22-7-63): தன் அண்ணனைத் திட்டியிருக்கிறேன் என்று ஷரீஃபா இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கவிடாமல் அரிசிப் பானையில் ஒளித்துவைத்துவிட்டாள். அந்தச் சண்டையில் வெள்ளிக்கிழமை நத்தத்துக்காரர்களிடம் சொல்வதும் தள்ளிப்போனது, எனக்கும் வாய் வரவில்லை. இன்று காலை தபால் வந்தது. ஆரிபாவுக்குச் சீட்டுக் கிடைத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். திட்டியது திட்டியதாகவே இருக்கட்டும் என்று இதைக் கிழிக்கவில்லை.

கதவைச் சாத்திய பிறகு என்ன நடந்தது என்று இன்றுதான் மகளிடம் கேட்டேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர் அந்த நரைத்த டாக்டர்தானாம். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டாராம். தேச சேவை இவளுக்கு மறந்துவிட்டதாம். "எங்க அத்தா தெனமும் அம்புட்டு ஆட்டுக்கும் வாயத் தெறந்து பாக்குறாங்க சார். அவங்க மூணு வருசமா ஒரு பக்கமாத்தான் மெல்லுறாங்க. அதை யாரும் தெறந்து பாக்கல" என்றாளாம். மூன்று வருஷம் என்று எனக்கே தெரியாது மச்சான். இவள் எப்போது எண்ணினாள்? நான் பட்டிக்குப் போய் ஆட்டுக்குத் தழை கட்டுகிற சாக்கில் செத்த நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

தாங்கள் எழுதியதில் ஒரு வரி சரிதான். பல்லைத்தான் பார்த்தார்கள். முதல் தேதி காலை எழும்பூர் வருகிறோம், பெட்டிக்குப் பூட்டுக் கிடையாது, லீவு போட்டுவிட்டு வரவும். ஹாஸ்டலில் என்ன கேட்பார்கள், என்ன கொண்டுவரவேண்டும் என்று உடனே விவரமாக எழுதவும், நாலு பக்கத்துக்குக் குறையாமல்.

தங்கள் முறுக்கை இன்றைக்குத்தான் பிரித்தேன். நமுத்துப்போயிருந்தது. காயம் ஆறிவிட்டது, ரெண்டு பக்கமும் மென்று சாப்பிட்டேன்.