விசாலம் மாமியின் காரியம்

நான் துக்கம் கேட்கப் போன வீட்டில், யாருக்காகத் துக்கம் கேட்கப் போனேனோ அவரே எனக்குக் காபி கொடுத்தார். என்னை இதைவிடச் சுருக்கமாக அறிமுகப்படுத்திக்கொள்ள முடியாது.

(குடித்தாயா என்று கேட்கிறவர்களுக்காக: குடித்தேன். மறுக்கிற நிலைமையில் நான் இல்லை.)

கும்பகோணத்தில் பிறந்து, கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள் நான். என் மலையாளத்தைக் கேட்டால் காய்கறிக்காரரே இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறிவிடுவார். ஆனால் இங்கேயே நாலு தலைமுறையாக இருக்கும் தமிழர்கள் பேசுவது தமிழ்தானே, அதில் எனக்கு என்ன ஆபத்து என்று தைரியமாக இருந்தேன்.

என் மகள் மாலுவை இரண்டரை வயதில் பிளே ஸ்கூலில் விட்டபோது, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த அம்மாக்களில் மூன்று பேர் சிநேகமானோம். வலியசாலையில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்ட கோமதி, நாகர்கோவில் பக்கத்து ஜாஸ்மின், நான். போனில் ஒரு குரூப் தொடங்கினோம். அதற்கு 'இன்னிக்கு என்ன' என்று பெயர். இன்றைக்கு என்ன குழம்பு, யார் சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறார்கள், போகிறவர் எனக்கு உளுந்து வாங்கி வருவாரா, யார் குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது. உலகத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத அந்தச் செய்திகள் இல்லாவிட்டால் எனக்குப் பொழுது விடியாது.

அதில் கோமதி எனக்குத் தோழி மட்டும் இல்லை. ஒரு நாள் மாலுவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. என் கணவர் ஆபீசிலிருந்து வருவதற்குள், கோமதி வலியசாலையிலிருந்து ஆட்டோவில் வந்து சேர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி பாரத்தில் எழுத வேண்டியதையெல்லாம் அவள்தான் எழுதினாள். (என் கணவர் பெயரைத் தப்பாக எழுதினாள். கேட்டபோது எனக்கே ஞாபகம் வரவில்லை என்பதால் அவளைக் குறை சொல்ல முடியாது.) இந்த ஊரில் எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் அவள் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.

கோமதியின் அம்மா விசாலம் மாமி அவளோடுதான் இருந்தார். புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. கோமதி அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டாள். "அம்மாவுக்கு இன்னிக்கு மருந்து நாள்" என்று குரூப்பில் எழுதுவாள். நாங்கள் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போடுவோம். வேறென்ன போடுவது என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை.

அந்த மாதம் மாலுவுக்கு விடாத இருமல். குரூப்பின் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். படித்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பது மரியாதையில்லை என்பது என் கொள்கை. ஆகவே படிக்காமலே இருந்தேன். ஒரே ஒரு நாள், தெரியாத்தனமாக விரல் பட்டுத் திறந்தபோது கோமதி எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "வித்யா, நாளைக்குக் கூட வர முடியுமா?" அப்போது மாலு என் தோளில் வாந்தியெடுத்தாள். அப்புறம் மறந்தே போனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ராத்திரி குரூப்பைத் திறந்தேன். ஏகப்பட்ட செய்திகள். கடைசியில் இருந்தது கோமதியுடையது.

"அம்மாவோட காரியம் இன்னிக்கு நல்லபடியா கழிஞ்சுது. பதிமூணு நாள் அலைச்சல். இப்பத்தான் ஒரு சமாதானம்."

எங்கள் ஊரில் ஒருவருடைய காரியம் என்றால் அவர் இறந்தபின் நடப்பது. அதுவும் பதிமூன்று நாள் நடப்பது. மேலே தள்ளிக்கொண்டே போனேன். அன்று நான் பாதி பார்த்த செய்தி முழுசாக இருந்தது.

"நாளைக்கு அம்மாவைக் கொண்டு போகணும். கார் சொல்லியாச்சு. வித்யா, நாளைக்குக் கூட வர முடியுமா?"

உயிரோடு இருப்பவர்களை நாங்கள் கூட்டிக்கொண்டு போவோம். கொண்டு போவது வேறு.

நடுவில் இருந்ததையெல்லாம் ஏன் படிக்கவில்லை என்று பின்னால் என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அம்மா செத்துப்போன அன்றைக்குக் கூப்பிட்டும் வராத சிநேகிதியைப் பற்றி நடுவில் என்ன எழுதியிருப்பார்களோ என்ற பயம்தான்.

ஜாஸ்மினைக் கூப்பிட்டேன். "கோமதி அம்மா விஷயம் இப்பதான் பார்த்தேன். நீ போனியா?"

"போவாம பின்ன? கடைசி நாளு நாந்தான் கூட நின்னேன்," என்றாள். பின்னால் அவள் பையன் தட்டைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான். "பாவம் பிள்ள அவ. தனியா எத்தனைதான் ஓடுவா? கடைசில கண்ணைத்தான் எடுத்தாவ. அதோட காரியம் கழிஞ்சுது. சாயங்காலம் பாயசம் வச்சா, நீ வரல்லியேன்னு சொல்லிட்டு இருந்தா."

கண்ணை எடுத்தார்கள். கண்தானம். பதிமூன்றாம் நாள் பாயசம். சந்தேகப்பட இடமே இல்லை. கோமதியிடமே நேராகக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் ஒருத்தியைக் கூப்பிட்டு, உன் அம்மா செத்துப்போனது நிஜமா என்று எப்படிக் கேட்பது? அப்படிக் கேட்டிருந்தால்கூட அசிங்கம் கொஞ்சமாகத்தான் ஆகியிருக்கும் என்பது இப்போது தெரிகிறது.

என் அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"பத்துக்குள்ள போகலையா நீ?"

"தெரியாதும்மா."

"பதிமூணும் ஆனப்புறம் போய் என்ன முகத்தோட நிப்பே? சரி, நாளைக்கு வெள்ளிக்கிழமை, போகாதே. சனிக்கிழமை போ. பூ வெச்சுக்காதே. பழம் கிழம்னு ஒண்ணும் வாங்கிண்டு போகாதே. குழந்தையைக் கூட்டிண்டு போகாதே. முக்கியமா, கிளம்பறச்சே போயிட்டு வரேன்னு சொல்லித் தொலைக்காதே. வாயை மூடிண்டு எழுந்து வா."

(அந்த வாயை மூடுகிற வேலையை நான் போன உடனேயே ஆரம்பித்திருக்கலாம் என்பது என் கணவரின் அபிப்பிராயம்.)

வெள்ளிக்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தேன். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்பதா, மன்னிப்புக் கேட்டுவிட்டு அழுவதா? அவள் மன்னிக்காவிட்டால் பிளே ஸ்கூல் கேட்டில் இனி எந்தப் பக்கமாக நிற்பது? சனிக்கிழமை, சாயம் போன ஒரு சாம்பல் நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, மாலுவை அவரிடம் விட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன்.

கோமதிதான் கதவைத் திறந்தாள். தலைக்குக் குளித்து ஈரத் துண்டு கட்டியிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"ஐயோ, மாலுவுக்கு என்ன ஆச்சு?"

"மாலு நன்னா இருக்கா."

"பின்னே?"

"நீ கூப்பிட்டே கோமு. நான் பார்த்தும் பதில் போடலை. வரலை."

அவள் முகம் இளகியது. "அதுக்கா இந்த அழுகை? போடி. குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு ஜாஸ்மின் சொன்னா. இதெல்லாம் நம்மளே அலைஞ்சாத்தான் நடக்கும், கேட்டியா."

என்ன பெரிய மனசு என்று எனக்கு மறுபடி அழுகை வந்தது. கூடத்து மேஜையில் மாமியின் பாஸ்போர்ட் அளவுப் போட்டோக்கள் நாலு கிடந்தன. பெரிதாக்கி மாட்டக் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். (ஆமாம். அதையும் செய்தேன்.)

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாளா?"

"கஷ்டம்தான். மூணு மணி நேரம் வரிசை. உட்கார ஒரு நாற்காலி கிடையாது அங்கே."

இந்த ஊரில் மயானத்தில்கூட வரிசையா என்று என் மனசு கொதித்தது.

"ஜாஸ்மின் கண்ணை எடுத்ததைச் சொன்னா. எல்லாருக்கும் அந்த மனசு வராது கோமு. ரெண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும்."

கோமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ரெண்டு பேருக்கு?"

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாருடி கோமதி, வித்யாவா? இரு, காபி கொண்டு வரேன்."

விசாலம் மாமி வந்தார். தலையில் பருத்தித் துணி சுற்றியிருந்தது. போன தடவை பார்த்ததைவிட இன்னும் பாதியாக இருந்தார். கையில் காபி டம்ளர். நான் படித்தவள், முதுகலைப் பட்டம் வாங்கியவள். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"மாமி, நீங்க எப்ப வந்தேள்?"

"நான் எங்கே போனேன்?"

கோமதி என் புடவையைப் பார்த்தாள். பூ இல்லாத தலையைப் பார்த்தாள். கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். "காரியம்னு எழுதியிருந்தேனே," என்றாள் மெதுவாக. "நீ என்ன நினைச்சே?"

போட்டோவை மேஜையில் திரும்ப வைத்தேன். அதுவே பதில். அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். இன்று வரை அந்த முகத்தை என்னால் வேடிக்கையாகச் சொல்ல முடிந்ததில்லை.

மாமிக்கு அவளுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. டம்ளரை என் கையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எனக்குத் துக்கம் கேக்க வந்தியா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"பதிமூணு நாள். நான் உயிரோட இருக்கேன்னு சொல்லறதுக்குப் பென்ஷன் ஆபீசுக்கு நடையா நடந்தேன். மருந்துல விரல் ரேகை அழிஞ்சுபோச்சு. மெஷின்ல வெச்சா, இப்படி ஒரு ஆளே இல்லைங்கறது. ஒருநாள் மெஷின் இல்லை, ஒருநாள் மெஷின் இருக்கு, ஆள் இல்லை. கடைசியில கண்ணை அதுல படம் எடுத்துப் பார்த்துட்டு, சரி, உயிரோடதான் இருக்கேள்னு எழுதிக் கொடுத்தான். முந்தாநாள். ரெண்டு நாள்கூட ஆகலை, நீ வந்து நிக்கறே." திரும்பி, "கோமதி, அந்தப் பேப்பரை எடு. இவளுக்குக் காட்டு," என்றார்.

கோமதி அசையவில்லை. மாமியே எழுந்து எடுத்து வந்தார். லைஃப் சர்டிபிகேட். மேற்படி நபர் உயிருடன் இருக்கிறார் என்று அதில் இருந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். முத்திரை இருக்கிறதா பார் என்றார். இருந்தது.

"என்ன சொல்லி அழுதா?" என்று கோமதியிடம் கேட்டார். "என்னைப் பத்தி நல்லதா ஏதாவது சொன்னாளா?"

கோமதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காபியைக் குடித்தேன். எழுந்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த உடம்பு அதன்பாட்டுக்கு அம்மா சொன்னபடியே செய்தது. வாயை மூடிக்கொண்டு, சொல்லாமல், வாசல்படி இறங்கினேன்.

பின்னாலிருந்து மாமியின் குரல். "சொல்லிக்காம போறா பார். சர்டிபிகேட் காட்டியும் நம்பலை."

திரும்பிப் படியேறினேன். "போயிட்டு வரேன் மாமி."

"ஆ. வா."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் கோமதி குரூப்பில் எதுவும் எழுதவில்லை. கேட்டில் பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். 'இன்னிக்கு என்ன' என்று ஜாஸ்மின் கேட்பாள். நான் 'ரசம்' என்று போடுவேன். அதற்குக் கீழே வெறுமையாகக் கிடக்கும். ஒன்பது நாளும் ரசம்தான் வைத்தேன். வேறு எதற்கும் கை ஓடவில்லை. நூறு தடவை மன்னிப்பு எழுதி நூறு தடவை அழித்தேன்.

பத்தாம் நாள் கோமதியே எழுதினாள். "அம்மா கேக்கறா, துக்கம் கேக்க அப்புறம் ஏன் வரலைன்னு. புளிசேரி பண்ணியிருக்கேன். வா."

போனேன். அடுக்களையில் தனியாக இருக்கும்போது, என்னைப் பார்க்காமல், தேங்காயைத் துருவிக்கொண்டே சொன்னாள்: "உன்மேல கோபம் இல்லை. அம்மா மருந்துக்குப் போற ஒவ்வொரு நாளும் எனக்குள்ள அந்தக் காரியம் நடந்துண்டுதான் இருக்கு. யார் யார் வருவா, என்ன சொல்லி அழுவான்னுகூட நினைச்சுப் பார்த்திருக்கேன். நீ அப்படியே வந்து அழுதே. அதே மாதிரி."

நான் அவள் கையிலிருந்து தேங்காயை வாங்கித் துருவினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு ஒரு சட்டம். கிளம்பும்போது மாமி எங்கே இருந்தாலும் போய்ச் சொல்ல வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்துவிட்டால், "இன்னும் சந்தேகம்தான் அவளுக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வரும். அடுத்த வருஷம் சர்டிபிகேட்டுக்குக் கூட நான்தான் போனேன். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவரிடம் மாமி என்னைக் காட்டி, "இவள்தான் என் துக்கத்துக்கு முதல்ல வந்தவ," என்று அறிமுகப்படுத்தினார். அவர் கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

அதற்கடுத்த சர்டிபிகேட் தேவைப்படவில்லை.

ஒரு புதன்கிழமை காலை, ஜாஸ்மின் எழுதிய 'இன்னிக்கு என்ன'வுக்குக் கீழே கோமதியின் செய்தி வந்தது. "அம்மா போயிட்டா. வித்யா, இது பேப்பர் காரியம் இல்லை. வா."

அரை மணியில் போய்விட்டேன். இந்தத் தடவை ஒத்திகை இல்லை. அழுகையும் சரியாக வரவில்லை. காபி போட்டேன், வந்தவர்களுக்குக் கொடுத்தேன், டம்ளர் கழுவினேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். பெரியவர்கள் நாற்காலியிலும் மற்றவர்கள் பாயிலும். நான் வாசல்படி வரை வந்து, இரண்டு வருஷப் பழக்கத்தில் உள்பக்கம் திரும்பி, கணீரென்று சொன்னேன்:

"போயிட்டு வரேன் மாமி."

கூடத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஒரு பெரியவர் "சிவ சிவா" என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சாய்ந்து உட்கார்ந்திருந்த கோமதி, வீங்கிய கண்ணைத் திறக்காமல், அம்மாவின் குரலிலேயே சொன்னாள்:

"ஆ. வா."

அவர்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இன்றும் என்னைக் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள், சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொன்ன அந்தக் கும்பகோணத்து அசடு இவள்தான் என்று. கோமதி பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவைகூட அவர்களைத் திருத்தியதில்லை.